கடலோர வீட்டில் செடித்தொட்டி: உரத்தைத் தேர்வதற்கு முன் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

கீழக்கரையில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் நீர்ச்செடி வளர்க்க 3 அடி கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை வாங்கிவிட்டுப் போன் செய்தான். “மாமா, இதுல மீனை விடச் செடிதான் நிறைய வைக்கப் போறேன். உரம் எதை வாங்கட்டும்? பாட்டில்ல வர்றதா, உரக்கடையில கிடைக்கிற உப்பா, இல்ல அடியில மண்ணைப் போட்டாலே போதுமா?”

நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன். “வாரத்துக்கு எத்தனை குடம் நல்ல தண்ணிய உன்னால கீழ ஊத்த முடியும் மாப்ள?”

உரத்தைப் பற்றிக் கேட்டால் மாமா தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாரே என்று அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். ஆனால் உச்சிப்புளியில் 9 வருடமாகச் செடித்தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ராமநாதபுரம் கரையோரத்தில் எந்த உர முறை சரிப்படும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. வெளியூர்க்காரர்கள் தரும் குறிப்புகளில் “வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்” என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். நமக்கு அந்த ஒரு வரியில்தான் மொத்தச் செலவும் இருக்கிறது.

அவன் தொட்டியில் மணலும் கல்லும் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். பாதி என்றால் வாரம் 50 லிட்டர், அதாவது இரண்டரை கேன். வருடத்துக்கு 2,600 லிட்டர். இதை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஊற்றலாம் என்றால் கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் பல வீடுகளில் அது வாயில் வைக்க முடியாத உப்பு. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் தெருக்கள் இவை. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் தெருவில் இருப்பவருக்குப் பாதிக் கவலை இல்லை. பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போனதும் ஊற்றிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குத்தான் உர முறைகளின் இந்த ஒப்பீடு.

முதலில் உப்பு

டி.டி.எஸ். மீட்டர், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும் கருவி, ஒன்று வாங்குங்கள். உரம் வாங்குவதற்கு முன்பே வாங்குங்கள். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மீட்டர் 600 என்று காட்டினால் தண்ணீரில் கரைந்தது எவ்வளவு என்றுதான் தெரியும், கரைந்தது என்ன என்று தெரியாது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த 600 செடிக்குப் பெரிய துன்பம் இல்லை. சோடியமும் குளோரைடும் கரைந்த 600 வேறு கதை. சோடியம் மிகுந்தால் செடி சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை, வேரால் இழுப்பதே தடைப்படும். நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் இலை பற்றாக்குறையைத்தான் காட்டும்.

இரண்டையும் பிரித்தறியக் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்து போதும். அதில் 1 டிகிரி என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் சுண்ணாம்புக் கணக்கு. மீட்டர் 600 காட்டி, கடினத்தன்மை 6 டிகிரிதான் வந்தால் அது 108. மீதியில் பெரும்பங்கு கடலின் உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரை நான் தனியாக ஊற்ற மாட்டேன், கலந்துதான் ஊற்றுவேன்.

கலப்பது எளிய கணக்கு. கிணற்றுத் தண்ணீர் 1500, ஆர்.ஓ. தண்ணீர் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் 1 குடமும் ஆர்.ஓ. 5 குடமும் சேர்ந்தால் 300 வரும். அந்த ஒரு குடம் வீண் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் எடுத்துவிட்ட கால்சியமும் மக்னீசியமும் அதில்தான் திரும்பி வருகின்றன. சுத்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றிச் செடி வளர்க்கப் பார்த்தவர்கள் புது இலை முறுக்கிக்கொண்டு வருவதைக் கண்டிருப்பார்கள். கால்சியம் இல்லாத குறை அது.

இதைவிட நல்லது மழைத் தண்ணீர். 10க்கு 10 அடித் தளத்தில் 1 அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 230 லிட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கு நீல பேரல் ஒன்று நிரம்பிவிடும். கடல் காற்று தளத்தில் உப்பைப் படிய வைத்திருக்கும் என்பதால் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். இரண்டாம் மூன்றாம் மழையில் பிடித்து, கொசு புகாதபடி மூடி வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் என் வீட்டில் 3 பேரல் நிறையும். பங்குனி வரை தொட்டிக்கு அதுதான்.

மணலையும் கல்லையும் பற்றி ஒரு வார்த்தை. நம் கடற்கரை மணலில் சிப்பித்தூள் நிறைய. அது கரைந்து தண்ணீரின் காரத்தையும் கடினத்தையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். உப்பு போகக் கழுவினாலும் சுண்ணாம்பு போகாது. கொஞ்சம் வினிகரை விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது. ஆற்று மணல் வாங்கிக்கொள்ளுங்கள். பவளப் பாறையை எடுத்து வந்து அழகுக்கு வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. தொட்டிக்கும் கெடுதல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பவளம் அங்கேயே இருக்கட்டும்.

நான்கு வழிகள்

செடிக்குச் சத்துக் கொடுக்க இன்று வழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் நான்கு. தாராளமாகக் கொட்டி வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றுவது. அளந்து கொஞ்சமாகக் கொடுப்பது. பாட்டில் உரம். அடியில் மண்.

தாராள முறையைப் பரப்பியவர் டாம் பார் என்ற அமெரிக்கர். அவருக்கு முன்னால் இருந்த கருத்து, மணிச்சத்தை, அதாவது பாஸ்பரசை, பட்டினி போட்டால் பாசி வராது என்பது. 1990களில் சியர்ஸ், கான்லின் என்ற இருவர் அதை முறையாகவே வகுத்துத் தந்தார்கள். பார் அதை மறுத்தார். செடி நன்றாக வளரும் தொட்டியில் மணிச்சத்து கூடுவதால் மட்டும் பாசி வருவதில்லை என்றார். என் அனுபவமும் அதுவே. பட்டினி போட்டால் முதலில் சாவது செடிதான். செத்த இலையில்தான் பாசி ஏறுகிறது.

அவருடைய முறையில் சோதனை மருந்து தேவையில்லை. எல்லாச் சத்தையும் செடிக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் போட்டு, வாரக் கடைசியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டால் எதுவும் எல்லை மீறிச் சேராது. 100 லிட்டருக்குத் தடவைக்கு 1.2 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் வீதம் வாரம் 3 தடவை போட்டால் நைட்ரேட் லிட்டருக்கு ஏறக்குறைய 22 மில்லிகிராம் சேரும். செடி ஒரு துளிகூட எடுக்காவிட்டாலும், வாரம் பாதி மாற்றினால் அது 44ஐத் தாண்டாது. வாரப் போடுதலின் இரு மடங்கு என்பதுதான் உச்சம். இந்தக் கணக்கின் அழகு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தண்ணீர் விலை கூடுதல் என்று பாதிக்குப் பதில் கால் பங்கு மட்டும் மாற்றினால் உச்சம் 4 மடங்காகிறது: 88. மாற்றவே இல்லையென்றால் 8 வாரத்தில் 176. நம் பக்கம் இந்த முறையைக் கையில் எடுத்த பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். உரத்தை முழுசாகப் போட்டுவிட்டுத் தண்ணீரில் சிக்கனம் பிடிக்கிறார்கள். செடிக்குக் கரியமில வாயு தரும் சிலிண்டர், பலமான விளக்கு, அடர்ந்த செடி, கூடவே நல்ல தண்ணீர் தாராளமாக வரும் குழாய், இவை நான்கும் உள்ளவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பேன். தண்ணீர் விலைக்கு வாங்கும் என் மருமகனுக்கு இது வேண்டாம்.

பாட்டில் உரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அளவு தவறாது, நுண்ணூட்டமும் சேர்ந்தே வரும், 20 லிட்டர் சின்னத் தொட்டிக்கு அதுவே சரி. வாங்கும்போது ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். சிலவற்றில் தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், மணிச்சத்தும் இருக்காது, மீன் நிறைந்த தொட்டிக்கென்று செய்தவை அவை. மீன் குறைவான செடித்தொட்டியில் அதை மட்டும் ஊற்றினால் இரண்டு மாதத்தில் பழைய இலைகள் மஞ்சளாகும். பெரிய தொட்டிக்கு நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்தப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குத்தான்.

அடியில் மண்: நம் வெயிலில் ஒரு எச்சரிக்கை

மண் முறை மனதுக்கு நெருக்கமானது. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை விளக்கிப் பிரபலமாக்கினார். அடியில் ஓர் அங்குலம் மண், மேலே ஓர் அங்குலம் மணல், நிறையச் செடி, கொஞ்சம் மீன். மீனுக்குப் போடும் தீவனமே சுற்றி வந்து செடிக்கு உரமாகிறது. தண்ணீர் மாற்றுவது அபூர்வம். கேட்டவுடன் நம் ஊருக்கென்றே செய்தது போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் இடர் உப்பு. கண்மாய்க் கரம்பை போல நல்ல மண் வேறு இல்லை, களியும் மக்கும் சேர்ந்தது. ஆனால் கடலுக்கு அருகிலுள்ள ஊருணியிலும் கண்மாயிலும் எடுத்த மண் உவராக இருக்கலாம். ஒரு பிடி மண்ணை 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்க வைத்து, காலையில் தெளிந்த தண்ணீரில் மீட்டரை வையுங்கள். 300ஐத் தாண்டினால் நான் அந்த மண்ணைத் தொடமாட்டேன். பரமக்குடி பக்கத்து வயல் மண் எனக்குச் சரியாக வந்தது. மண்புழு உரத்தைத் தனியாகப் போடாதீர்கள், அது மிக வீரியம். கலப்பதென்றால் 10 பங்கு மண்ணுக்கு 1 பங்குக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது இடர் அமோனியா. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். புது மண் முதல் சில வாரங்கள் அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அது தண்ணீரில் இரண்டு வடிவில் நிற்கிறது. ஒன்று அம்மோனியம், மீனுக்குப் பெரிய தீங்கில்லை. மற்றது கரைந்த வாயு வடிவம், அதுதான் செவுளைச் சுடுகிற நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் கார அளவும் (பி.எச்.) வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அமோனியாவில் நஞ்சின் பங்கு 100க்கு 1கூட இல்லை. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் நஞ்சு 100க்கு 7 பங்குக்கு மேல், ஏறக்குறைய 10 மடங்கு. நம் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் 8ஐ ஒட்டித்தான் நிற்கும். சித்திரையில் தொட்டி 30ஐத் தாண்டிவிடும். குளிர்நாட்டில் வெறும் எரிச்சலாக இருக்கும் அதே மண் இங்கே மீனைக் கொன்றுவிடும்.

அதனால் மண் போடுகிறவர்கள் மண்ணை முன்கூட்டியே நனைத்துக் காய வைத்து, மறுபடி நனைத்துக் காய வைத்து, மூன்று நான்கு சுற்று எடுங்கள். தொட்டி வைத்து ஒரு மாதம் கழித்து, அமோனியா சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் விடுங்கள். அந்த ஒரு மாதத்தில் வாரம் இருமுறை தண்ணீர் மாற்ற வேண்டிவரும். தண்ணீர் மாற்றாத முறை என்ற பெயர் அதற்குப் பிறகுதான் பொருந்தும். மார்கழியில் ஆரம்பித்தால் மழைத் தண்ணீரும் கையில் இருக்கும், வெப்பமும் தணிந்திருக்கும்.

கடையில் விற்கும் உருண்டை மண்ணைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அதன் பெருமையே தண்ணீரின் காரத்தை இழுத்துக் குறைப்பதில் இருக்கிறது. காரம் மிகுந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சக்தி சில மாதங்களில் தீர்ந்துவிடும். மழையோ ஆர்.ஓ.வோ ஊற்றுபவர்களுக்கு மட்டும் அந்தக் காசு நியாயம்.

உரக்கடைக் கணக்கு

நான் இப்போது கடைப்பிடிப்பதும், மருமகனுக்குச் சொன்னதும், அளந்து கொஞ்சமாகக் கொடுக்கும் முறையைத்தான்.

ராமநாதபுரம் உரக்கடையில் முண்டு மிளகாய்க்குச் சொட்டுநீரில் விடுகிற கரையும் உரங்கள் இருக்கும். பெயரில் உள்ள மூன்று எண்களும் முறையே தழை, மணி, சாம்பல் சத்தின் பங்கைக் காட்டும். 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 என்பது பொட்டாசியம் சல்பேட். தொட்டிக்கு வேண்டிய தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் இந்த மூன்று பொட்டலத்தில் வந்துவிடும். 19-19-19ஐத் தொடாதீர்கள். அதில் தழைச்சத்தின் ஒரு பங்கு யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கும், மேலே சொன்ன அமோனியாக் கதை மறுபடி வரும். டி.ஏ.பி.யும் அப்படியே. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான், வாங்கிட்டுப் போங்க” என்பார். மிளகாய்க்கு ஒன்றாக இருக்கலாம், மீனுக்கு இல்லை.

அளவைச் சொல்கிறேன். 500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13-0-45 உரம் 25 கிராம், 0-52-34 உரம் 2.5 கிராம், 0-0-50 உரம் 12.5 கிராம் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 மில்லி, புதன் 10, ஞாயிறு 10. இதில் வாரத்துக்கு நைட்ரேட் லிட்டருக்கு 6 மில்லிகிராம், பாஸ்பேட் 0.7, பொட்டாசியம் 6 சேரும். ஒரு பாட்டில் 25 வாரம் வரும். சிலிண்டர் இல்லாத, நடுத்தர வெளிச்சத் தொட்டிக்கு இது போதும், பல நேரம் மிஞ்சும். நைட்ரேட் சோதனையில் 20க்கு மேல் போனால் ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள். நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று அவசியம், கரண்டிக் கணக்கு வேண்டாம். பொட்டலத்தைப் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வையுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் தீயை வளர்க்கும்.

இரும்பும் நுண்ணூட்டமும் வேறு பாட்டிலில்தான் இருக்க வேண்டும். ஒன்றாகக் கலந்தால் இரும்பு பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்க ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள், வாங்கும்போது அது எந்த வகை என்று கேளுங்கள். உரக்கடையில் மலிவாகக் கிடைப்பது ஈ.டி.டி.ஏ. இரும்பு, அது பி.எச். 6.5ஐத் தாண்டினால் பிடிப்பை இழந்து துருவாகிவிடும். நம் தண்ணீரில் மறுநாளே செடிக்கு இல்லை. டி.டி.பி.ஏ. வகை 7.5 வரை தாங்கும். கலந்த தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு. ஈ.டி.டி.எச்.ஏ. இன்னும் மேலே தாங்கும், ஆனால் தொட்டி முழுக்க ரோஜா நிறமாகிவிடும். இறால் வளர்ப்பவர்கள் நுண்ணூட்டத்தில் செம்பு எவ்வளவு என்று பார்த்துப் போடுங்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசிச் சாற்றுத் திரவ உரம் வயலுக்குத் தெளிக்கிறார்களே, அதைத் தொட்டியில் விடலாமா என்று ஒருவர் கேட்டார். பயிருக்கு நல்லதுதான். தொட்டியில் அது மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர் 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். ஏற்கெனவே குறைவாக இருப்பதை இன்னும் குறைக்க வேண்டாம். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும், அந்நேரம் கரண்டும் போனால் காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

என் தொட்டியில் ஒரு கோடை

அளவு முறைக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு நஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பங்குனியில் தொட்டி 32 டிகிரி போனது. மேலே ஒரு சின்ன விசிறியைப் பொருத்தினேன். ஆவியாகும் தண்ணீர் வெப்பத்தை எடுத்துப் போகும், இரண்டு டிகிரி இறங்கியது. நாளுக்கு 2 லிட்டர் வற்றியது, அதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தேன். மழைத் தண்ணீர் பேரலில் இருந்தது. அதைத் தண்ணீர் மாற்றும்போது மட்டும் பயன்படுத்தலாம் என்று சேமித்தேன்.

வைகாசியில் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலைகள் கண்ணாடி போல ஆகிக் கரைந்தன. அனுபியாஸ் என்ற இன்னொரு செடியின் பழைய இலைகளில் ஊசியால் குத்தியது போல ஓட்டை, ஓரம் மஞ்சள். சாம்பல் சத்துக் குறை என்று முடிவு செய்து பொட்டாசியம் சல்பேட்டைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. கடைசியில்தான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மாசியில் 350 இருந்தது 1,300க்கு மேல் காட்டியது.

கணக்கு அப்போதுதான் உறைத்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு போவதில்லை. 900 டி.டி.எஸ். தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் நிரப்பினால் 1.8 கிராம் உப்பு உள்ளே போகிறது. 100 லிட்டரில் அது மீட்டரில் நாளுக்கு 18 ஏறுவதற்குச் சமம். மாதத்துக்கு 540. இரண்டு மாதத்தில் என் தொட்டியைப் பாதி வழி உப்பளத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். இலை காட்டிய பொட்டாசியக் குறை பொய்யில்லை. சோடியம் வழியை மறித்ததால் வந்த குறை அது. அதற்கு நான் இன்னும் உப்பைப் போட்டேன். அந்தக் கிரிப்டோகோரைன்கள் என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் கையால் நட்டவை. அவற்றில் இரண்டுதான் பிழைத்தன.

அதிலிருந்து ஒரு வழக்கம். வற்றிய தண்ணீரை நிரப்ப ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் மட்டும். கலந்த தண்ணீர் மாற்றும்போது மட்டும். இந்த ஒன்றைச் செய்தால் கோடையில் பாதிப் பிரச்சினை வராது. உர முறை எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

இலையைப் படிப்பதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் மீட்டர். அளவு சரியென்றால் எந்த இலை கெடுகிறது என்று பார்ப்பேன். தழை, மணி, சாம்பல், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்கு அனுப்பும். ஆகவே குறை பழைய இலையில் தெரியும். மொத்த இலையும் மஞ்சளானால் தழைச்சத்து. ஓட்டை விழுந்தால் சாம்பல் சத்து. இரும்பும் கால்சியமும் அப்படி இடம் மாறுவதில்லை, குறை தளிரில் தெரியும். நரம்பு பச்சையாக, நடுவே வெளுத்து வந்தால் இரும்பு. கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளி கூடினால் மணிச்சத்துக் குறைகிறது என்று நினைத்து அதைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம், பல தடவை எனக்கு நின்றிருக்கிறது. விளக்கை 7 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

மருமகனுக்குச் சொன்னது

சிலிண்டர் வேண்டாம் என்றேன். தண்ணீரில் கலந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கரிமத்தை, அதாவது கார்பனை, எடுத்துக்கொள்ளும் செடிகள் உண்டு. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, கொம்புச்செடி என்று கடையில் தரும் ஹார்ன்வோர்ட். கடினத் தண்ணீர் இவற்றுக்குத் தடையில்லை. கபோம்பாவுக்கு அந்தத் திறமை இல்லை, அழகைப் பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம். வாலிஸ்நேரியா ஓரளவு உப்பையும் தாங்கும். ஆச்சரியமில்லை. நம் கடலுக்குள் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புற்களில் ஹாலோபிலா இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். பாக் நீரிணைக் கரையில் அலை ஒதுக்கிய கடற்புல்லைப் பார்க்கும்போதெல்லாம் என் தொட்டியின் நினைவு வரும்.

அதோடு கிரிப்டோகோரைன் வென்டி, அனுபியாஸ், ஜாவா பெரணி. மீனுக்குக் கப்பியும் மாலியும், இரண்டுக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும். அடியில் வெறும் ஆற்று மணல், கிரிப்டோகோரைன் வேருக்குப் பக்கத்தில் மட்டும் உர மாத்திரை. மேலே சொன்ன 20 மில்லிக் கலவை, முதல் மாதம் அதில் பாதி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர், அதாவது ஒரே ஒரு கேன் அளவு மாற்றினால் போதும். வருடத்துக்கு 520 லிட்டர். தாராள முறையில் ஆகும் 2,600க்கு இது ஐந்தில் ஒரு பங்கு. மண் தொட்டி ஆசை விடவில்லை என்றால் மார்கழியில் ஒரு சின்னத் தொட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து பஸ் பார்சலில் செடி வந்தது. நட்டு 10 நாள் ஆகிறது. நேற்று மறுபடி போன். “மாமா, கிரிப்டோ இலை எல்லாம் கரையுது. உரத்தைக் கூட்டட்டுமா?”

“மீட்டர் என்ன காட்டுது?”

“280.”

“நடுவுல புதுக் குருத்து இருக்கா பாரு.”

டார்ச் அடித்துப் பார்க்கப் போனான். பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்த இலை தண்ணீருக்குள் நிற்காது, கரையத்தான் செய்யும். வேர் பிடித்தபின் வரும் இலைதான் இந்தத் தொட்டியின் இலை. கரைந்ததை நறுக்கி வெளியே எடுத்துவிட வேண்டும், அழுகி அமோனியா ஆக விடக்கூடாது. உரத்தைக் கூட்டக் கூடாது.

“இருக்கு மாமா. நகக்கண் அளவுல, பழுப்பு நிறமா.”